குவில்ட்வில் மர்மக் குவில்ட்: புதிதாகச் சேர்கிறவருக்கு ஒத்துவருமா?

குவில்ட் என்றால் துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை. குவில்ட் அலாங் என்பது சீட்டுப் பிடிப்பது மாதிரி. தனியாகச் செய்தால் தள்ளிக்கொண்டே போகும் வேலையை நாலு பேரோடு சேர்ந்து தவணை தவணையாக முடிக்க வைக்கும் ஏற்பாடு. ஒரே டிசைனை எல்லோரும் ஒரே வாரத்தில் தைப்பார்கள், முடித்ததைப் படம் எடுத்துக் காட்டுவார்கள், அடுத்த வாரம் அடுத்த பகுதி. இதில் பெரிய பெயர் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து பானி ஹன்டர் தன் குவில்ட்வில் வலைப்பதிவில் நடத்தும் மர்மக் குவில்ட். பத்து வருடத்துக்கு மேலாக ஆண்டுதோறும் நடக்கிறது. கட்டணம் கிடையாது. 'முதல் குவில்ட் அலாங்காக இதில் சேரலாமா' என்று கேட்கிறவர்களுக்கு: சேரலாம். ஆனால் ஒவ்வொரு வாரமும் அவர் சொல்கிற எண்ணிக்கையில் தைக்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

முதலில் நடைமுறை. அக்டோபர் கடைசி வாக்கில் அறிமுகப் பகுதி வரும். எந்தெந்த நிறம், ஒவ்வொன்றிலும் எத்தனை கெஜம், என்ன ஸ்கேல் வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நவம்பர் நான்காவது வியாழன் அங்கே தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. மறுநாள் வெள்ளிக்கிழமை முதல் க்ளூ, அதாவது அந்த வாரம் தைக்க வேண்டிய பகுதி. அதிலிருந்து வாரம் ஒரு க்ளூ, புத்தாண்டை ஒட்டி கடைசிப் பகுதியும் முழுப் படமும். அதுவரை குவில்ட் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, 'மர்மம்' என்கிற பெயர் அதனால்தான். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு ஊரோ பயணமோ கருவாக இருக்கும். 2013-இன் செல்டிக் சால்ஸ்டிஸ் அயர்லாந்துப் பயணத்திலிருந்து வந்தது. 2014-இன் கிராண்ட் இல்யூஷனுக்கு மிஷிகனின் மேக்கினா தீவில் உள்ள கிராண்ட் ஹோட்டலின் நிறங்கள். 2016-இன் ஆன் ப்ரோவான்ஸுக்குக் கரு தெற்கு பிரான்ஸின் ப்ரோவான்ஸ் வட்டாரம், பெயரைக் கேட்டாலே ஊதா லாவண்டர் வயல்தான்.

க்ளூக்கள் நிரந்தரமாக அங்கேயே கிடக்காது. சீசன் முடிந்து கொஞ்ச காலத்தில் இலவசப் பக்கங்களை எடுத்துவிட்டு, அதையே விலைக்கு விற்கும் டிஜிட்டல் பேட்டர்னாக மாற்றிவிடுவார். இது நியாயமான ஏற்பாடு, முன்கூட்டியே சொல்லித்தான் செய்கிறார். ஆகவே தைக்கிறீர்களோ இல்லையோ, ஒவ்வொரு வெள்ளியும் வந்த பகுதியை உடனே பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள். 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டால் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். இவருடைய டிசைன்கள் பெரும்பாலும் பெரிய கட்டில் அளவு, சின்னச் சின்னத் துண்டு. ஒரே வாரத்தில் ஒரே மாதிரி யூனிட் (சில துண்டு சேர்ந்த சின்னக் கட்டம்) நூறு, சில சமயம் அதற்கும் மேலே. நூறு நாற்கட்டம் (நாலு சதுரம் சேர்ந்த ஒரு கட்டம்) என்றால் என்ன வேலை என்று பாருங்கள். முடிந்தபின் 3 இன்ச் வரவேண்டிய கட்டத்துக்கு 2 இன்ச் அகலப் பட்டை வெட்ட வேண்டும். வெளுப்பு ஒன்று, அடர்த்தி ஒன்று நீளவாக்கில் சேர்த்துத் தைத்தால் மூன்றரை இன்ச் அகல ஜோடிப் பட்டை. அதைக் குறுக்காக 2 இன்ச் 2 இன்ச்சாக வெட்டி, இரண்டிரண்டாகத் திருப்பிச் சேர்த்தால் ஒரு கட்டம். 40 இன்ச் நீளப் பட்டையில் கணக்குக்கு 20 துண்டு, ஓரத்தை நேராக்கியதும் கைக்கு வருவது 19. நூறு கட்டத்துக்கு 200 துண்டு, அதாவது 11 ஜோடிப் பட்டை. ஒவ்வொரு நிறத்திலும் 22 இன்ச் துணி. பழகிய கைக்கே வெட்டு, தையல், அயர்ன் எல்லாம் சேர்த்து ஐந்தாறு மணி நேரம். புதுக் கைக்கு இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். இது ஒரு வாரத்துக்கு மட்டும். அடுத்த வெள்ளி இதைவிடச் சிக்கலான இன்னொன்று வரும்.

பாதியாகக் குறைத்துத் தைத்தால் போச்சு என்று தோன்றும். மர்மக் குவில்ட்டில் அங்கேதான் சறுக்கும். ஒரு பிளாக்குக்கு (பல யூனிட் சேர்ந்த பெரிய கட்டம்) எத்தனை யூனிட் போகிறது, பார்டருக்கு எத்தனை என்று கடைசி வாரம்வரை தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பாதியாக்கினால் ஒரு பக்கம் நாற்கட்டம் மிஞ்சும், மறுபக்கம் முக்கோணம் போதாது. எங்கள் யோசனை: ஒவ்வொரு வாரமும் அந்த யூனிட்டில் பத்து மட்டும் தையுங்கள். பத்தும் சரியான அளவில் வருகிறதா என்று அளந்து, க்ளூ எண் எழுதிய கவரில் போட்டு வையுங்கள். புத்தாண்டுக்கு முழுப்படம் வந்ததும் ஒரு பிளாக் தைத்துப் பாருங்கள். பிடித்தால் அப்போது எத்தனை பிளாக் வேண்டும், சுவரில் மாட்டவா, மடியில் போர்த்தவா, கட்டிலுக்கா என்று முடிவு செய்து மீதியைத் தைக்கலாம். சேர்ந்து தைக்கும் சந்தோஷமும் குறையாது, திங்கட்கிழமைப் படப் பகிர்வில் பத்து யூனிட்டைக் காட்டினால் யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

முதல் க்ளூ வருவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் இருப்பதுதான் பின்னால் வரும் பாதித் தொல்லைக்குக் காரணம். குவில்ட்டில் தையலுக்கு விடுவது கால் இன்ச். ஜாக்கெட், சுடிதார் தைத்துப் பழகியவர்களுக்கு இது ரொம்பக் குறைச்சல், கை தானாகவே அரை இன்ச்சுக்குப் போகும். ஒன்றரை இன்ச்சுக்கு மூன்றரை இன்ச் அளவில் மூன்று துண்டு வெட்டுங்கள். நீளப் பக்கமாக மூன்றையும் சேர்த்துத் தைத்து, அயர்ன் செய்து அளங்கள். மூன்றரைக்கு மூன்றரை சதுரம் வரவேண்டும், நடுத்துண்டு சரியாக 1 இன்ச் தெரியவேண்டும். வந்தால் உங்கள் கால் இன்ச் சரி.

வராவிட்டால்? ஆசாரிகள் கணக்கில் ஒரு இன்ச்சுக்கு 8 நூல், கால் இன்ச் என்றால் 2 நூல். நீங்கள் அரை நூல் அதிகமாகப் பிடிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு தையலில் இரண்டு பக்கத் துணியும் அரை நூல் இழக்கும், ஆக ஒரு நூல் போச்சு. மற்றவற்றோடு சேர்க்கும் முன் மூன்றரை வரவேண்டிய நாற்கட்டம் 3 3/8-தான் வரும். பதினாறு கட்டம் வரிசையாக வைத்தால் உள் தையலில் மட்டும் 2 இன்ச் காணாமல் போகும், கட்டங்களைச் சேர்க்கும் பதினைந்து தையலில் இன்னும் 1 7/8. 48 இன்ச் வரிசை 44 சொச்சமாகிவிடும். எல்லாமே ஒரே சீராகச் சுருங்கினால்கூடப் பரவாயில்லை, சின்னக் குவில்ட் என்று விட்டுவிடலாம். சுருங்காது. நடுவில் தையலே இல்லாத வெறும் சதுரம் மூன்றரையாகவே நிற்கும், ஒரு தையல் உள்ளது ஒரு நூல் குறையும், மூன்று தையல் உள்ளது மூன்று நூல் குறையும். ஆறாவது வாரம் இவற்றை ஒன்றோடொன்று வைக்கும்போது எதுவும் எதோடும் பொருந்தாது. 'டிசைனில் தப்பு' என்ற புலம்பல் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சரிசெய்வது எளிது. ஸ்கேலை ஃபுட்டுக்கு அடியில் வைத்து, ஊசி கால் இன்ச் கோட்டின் மேல் இறங்கும்படி சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஸ்கேலின் ஓரத்தை ஒட்டி மெஷின் தட்டில் மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டி ஒரு கரை கட்டுங்கள். துணி அந்தக் கரையில் முட்டிக்கொண்டே போகட்டும். ஊசி விழும் இடத்துக்கு அரை இன்ச் முன்னாலிருந்தே கரை தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் பயனில்லை. கால் இன்ச் ஃபுட் என்று தனியாக விற்கிறது, வாங்கினாலும் அந்த மூன்று துண்டுச் சோதனையை விடாதீர்கள். துணியை மடித்து அயர்ன் செய்யும்போது அந்த மடிப்பே ஒன்றிரண்டு இழை அகலத்தைத் தின்றுவிடும். ஆகவே தையல் கால் இன்ச்சைவிட ஒரு இழை குறைவாகத்தான் ஓடவேண்டும். ஊசி 75/11 அல்லது 80/12. நெருக்கமான தையல், இன்ச்சுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு. பட்டையாகத் தைத்துப் பிறகு குறுக்கே வெட்டுவதால் முனையில் ரிவர்ஸ் போட வழியில்லை, நீளத் தையலாக இருந்தால் வெட்டிய இடத்தில் பிரிந்துவிடும்.

துணி விஷயத்தில் இவருடைய முறை நம் ஊர்க் கைக்கு வசதியானது. ஒரே பிரிண்ட்டில் ஐந்து கெஜம் வாங்கச் சொல்லமாட்டார். நீலம் என்றால் பத்துப் பதினைந்து விதமான நீலத் துண்டுகளைக் கலந்து போடுவதுதான் இவர் பாணி. நிறத்தைக் காட்ட அமெரிக்கப் பெயின்ட் கடைகளில் கிடைக்கும் வண்ண அட்டைகளின் பெயரைக் கொடுப்பார். நமக்கு அந்த அட்டை கிடைக்காது, தேவையுமில்லை. பெயரைத் தேடி போனில் பார்த்துவிட்டு, அதற்குக் கிட்டத்தில் உள்ள நிறத்தை மேட்சிங் சென்டரில் எடுக்கலாம். டூ பை டூ ரூபியா நூற்றுக்கணக்கான ஷேடில் கிடைக்கிற துணி, ஒரு ஜாக்கெட் பிட்டே பல க்ளூவுக்கு வரும். இரண்டு எச்சரிக்கை. ரூபியா மெல்லிசு, பாப்ளினோடு கலந்தால் ஒன்று இழுபடும், மற்றது நிற்கும். வெட்டும் முன் கஞ்சி போட்டு அயர்ன் செய்துவிடுங்கள். இரண்டாவது, பாலியஸ்டர் கலப்பு. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானால் பருத்தி, உருகி மணி மாதிரி இறுகினால் கலப்பு. கலப்புத் துணி அயர்ன் சூட்டில் சுருளும், மடிப்பு நிற்காது.

அமெரிக்கக் கணக்கு 40 இன்ச் பயன்படும் அகலத்துக்குப் போட்டது. ஜாக்கெட் துணியின் பன்னா 36 இன்ச்தான் என்றால் ஒரு பட்டைக்கு 19-க்குப் பதில் 17 துண்டுதான் தேறும். மேலே சொன்ன நூறு கட்டத்துக்கு 11 ஜோடிக்குப் பதில் 12, அதாவது 22 இன்ச்சுக்குப் பதில் 24. ஒவ்வொரு நிறத்திலும் பத்தில் ஒரு பங்கு கூட வாங்கினால் போதும். ஒரு கெஜம் 91 சென்டிமீட்டர், மீட்டராக வாங்குகிறவர்களுக்கு அதிலேயே கொஞ்சம் மிச்சம் வரும்.

எல்லா வருடமும் அதிகம் தின்பது 'நியூட்ரல்', அதாவது வெள்ளை, சந்தனம், வெளிர்ச் சாம்பல் வகையறா. காடாத்துணியை எண்ணுகிறவர்கள் முதலில் ஒரு இரவு ஊறவைத்து அலசிக் காயவைத்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள். நன்றாகச் சுருங்கும் துணி அது, தைத்தபின் சுருங்கினால் பக்கத்தில் உள்ளதையும் சேர்த்து இழுக்கும். சிவப்பு, கருநீலம், கலம்காரி பிரிண்ட் எல்லாவற்றையும் ஈர வெள்ளைத் துணி மேல் வைத்து அயர்ன் செய்து பாருங்கள், சாயம் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். இறங்கினால் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் ஒதுக்குங்கள். பக்கத்தில் வெள்ளை வரப்போகிறது.

நிறத்தை மாற்றிக்கொள்ளலாமா? தாராளமாக. அவரே அதைத்தான் சொல்கிறார். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: வெளுப்பு, நடுத்தரம், அடர்த்தி என்ற வரிசை. அவர் கருநீலம் சொன்ன இடத்தில் அரக்கு போடலாம், எலுமிச்சை மஞ்சள் போட்டால் டிசைன் கரைந்துவிடும். துணிகளை வரிசையாக அடுக்கிப் போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்தால் எது எதோடு கலந்து மறைகிறது என்று பளிச்சென்று தெரியும். மாற்றியபின் ஒரு அட்டையில் 'அவர் நீலம் = என் அரக்கு' என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டை ஸ்டேப்ளர் அடித்து மெஷின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மூன்றாம் வாரம் நடுராத்திரியில் எது எதற்குப் பதில் என்று நினைவிருக்காது.

முக்கோண வாரம் வரும். வராத வருடமே இல்லை. தையல்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்கிற சாய்ந்த ஓரம் இங்கேதான் நுழைகிறது. இவர் எசென்ஷியல் டிரையாங்கிள் டூல் என்ற தன் ஸ்கேலை வைத்து, முடிந்த அளவோடு அரை இன்ச் கூட்டிய பட்டையிலிருந்து முக்கோணம் வெட்டுவார். வேகமான முறை, பட்டையிலிருந்தே எல்லாம் வந்துவிடும். ஆனால் ஸ்கேல் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், கூரியர் செலவோடு பார்த்தால் முதல் வருடத்துக்கு வாங்கச் சொல்லமாட்டோம். அது இல்லாமலும் தைக்கலாம். பாதிச் சதுர முக்கோணத்துக்கு முடிந்த அளவோடு 7/8 இன்ச், அதாவது 7 நூல், கூட்டிச் சதுரம் வெட்டுங்கள். வெளுப்பும் அடர்த்தியும் முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இரு பக்கமும் கால் இன்ச்சில் தைத்து, கோட்டில் வெட்டினால் இரண்டு யூனிட். தைத்தபின் வெட்டுவதால் கிராஸ் ஓரம் கையில் மாட்டி இழுபடாது.

ஃப்ளையிங் கீஸ் என்ற நீள்சதுரத்துக்கும் (நடுவில் ஒரு பெரிய முக்கோணம், இரு பக்கமும் சின்ன முக்கோணம்) இதே தந்திரம் உண்டு, வீணே ஆகாது. முடிந்தபின் ஒன்றரைக்கு மூன்று வேண்டுமென்றால் நாலேகால் இன்ச்சில் பெரிய சதுரம் ஒன்று, 2 3/8 இன்ச்சில் சின்னச் சதுரம் நாலு. பெரியதன் எதிரெதிர் மூலையில் இரண்டு சின்னதை வையுங்கள். நடுவில் இரண்டும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அது சரிதான். மூலைக்கு மூலை கோடு, இரு பக்கமும் தையல், கோட்டில் வெட்டு. விரித்தால் இரண்டு இதய வடிவம். ஒவ்வொன்றின் மிச்ச மூலையிலும் இன்னொரு சின்னச் சதுரம், மறுபடி கோடு, தையல், வெட்டு. நாலு யூனிட் வந்தாச்சு, ஒவ்வொன்றும் 2-க்கு மூன்றரை. முக்கோண நுனிக்கு மேலே கால் இன்ச் துணி நிற்கிறதா என்று பாருங்கள். ஓரத்தைச் சீராக்குகிறேன் என்று அதை வெட்டிவிட்டால் அடுத்த தையலில் நுனி மொட்டையாகிவிடும்.

அயர்ன் பெட்டியை முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. தூக்கி வைத்து, அழுத்தி, எடுக்க வேண்டும். சட்டை தேய்க்கிற மாதிரி இழுத்தால் சதுரம் சாய்சதுரமாகும், நீராவி சேர்ந்தால் இன்னும் மோசம். தையல் மடிப்பை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று ஒவ்வொரு க்ளூவிலும் சொல்லியிருப்பார். ஏன் என்று அந்த வாரம் புரியாது, பக்கத்தில் வரப்போகும் யூனிட்டின் மடிப்பு எதிர்ப்பக்கம் சாய்ந்து இரண்டும் பூட்டிக்கொள்ளத்தான். காரணம் தெரியாவிட்டாலும் சொன்னபடியே செய்யுங்கள். இருநூறு யூனிட்டைத் திருப்பி அயர்ன் செய்வது போன்ற தண்டனை வேறில்லை.

இவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் லீடர்ஸ் அண்ட் எண்டர்ஸ். துண்டுகளை நூல் அறுக்காமல் சங்கிலியாகத் தைத்துக்கொண்டே போகும்போது, வரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் நூலை ஓடவிடாமல் இரண்டு வேஸ்ட் சதுரத்தைத் தைப்பார். நூல் வீணாகாது, தொடக்கத்தில் மெஷின் துணியை உள்ளே விழுங்காது, அது பாட்டுக்கு இன்னொரு குவில்ட் வளரும். பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு அந்த 'விழுங்காமல் இருப்பது' ஒன்றுக்காகவே இது பொன்னான வழி.

குறைகள் உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் இன்ச்சில். படங்கள் நிறைய இருந்தாலும் கால் இன்ச், ரோட்டரி கட்டர் (சக்கரக் கத்தி) பிடிப்பது, பட்டை வெட்டுவது இவையெல்லாம் தெரிந்தவர் என்று வைத்துத்தான் எழுதுகிறார். ஒரு குவில்ட்கூடத் தைக்காதவர் நேராக இங்கே வந்தால் திணறுவார். ஒன்பது சதுரம் சேர்த்த குஷன் உறை குறைந்தது நாலு தைத்துவிட்டு வரட்டும். காலக்கெடுவும் கொஞ்சம் கொடுமை: கிறிஸ்துமஸ், புத்தாண்டு, அதை ஒட்டிப் பொங்கல் வேலை எல்லாம் இந்த மாதங்களில்தான். தவிர, படத்தைப் பார்த்து 'இது வேண்டும்' என்று தேர்ந்தெடுத்துத் தைக்கிற சுபாவம் உள்ளவர்களுக்கு மர்மம் ஒத்துவராது. அவர்கள் முடிவு தெரிந்தபின் பேட்டர்னாக வாங்குவதே நல்லது.

முழுக் கட்டில் அளவுதான் என்று இறங்குகிறவர்கள் மேல்பாகத்தோடு செலவு முடிந்துவிடாது என்பதைக் கணக்கில் வையுங்கள். 85 இன்ச் சதுர மேல்பாகத்துக்கு அடித்துணி நாலு பக்கமும் 4 இன்ச் கூட, அதாவது 93 இன்ச் வேண்டும். சாதாரணப் பன்னாவில் மூன்று நீளம் ஒட்ட வேண்டும், ஏழு மீட்டருக்குச் சற்று மேலே. 108 இன்ச் பன்னாவில் வரும் படுக்கைவிரிப்புத் துணி கிடைத்தால் நடுவில் ஒட்டே இல்லாமல் இரண்டரை மீட்டரில் முடியும். ஓரத்தைச் சுற்றிக் கட்ட இரண்டரை இன்ச் பட்டை ஒன்பது. இந்தப் பட்டைகளை முதல் வாரமே வெட்டிச் சுருட்டி, 'பைண்டிங்' என்று எழுதிய கவரில் போட்டுவிடுங்கள். கடைசியில் தேடினால் அந்தத் துணி மிச்சமிருக்காது.